முதலில் கூவுகிற சேவல்

கோழிக்குஞ்சுக்கு ரெக்கை வெட்டலாமா கூடாதா என்று ஒரு வீடு ஒரு பருவம் முழுக்கச் சண்டை பிடித்தது என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். ஒரு துண்டுப் பாணுக்கு விடியற்காலையில் வரிசை நின்ற ஆட்கள் நாம். மரவள்ளிக் கிழங்கை அவித்து, பொரித்து, மாவாக்கிப் பிட்டு அவித்து, கடைசியில் அதன் பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கின ஆட்கள். ஒரு முட்டையை நாலு பேருக்கு நூலால் அறுத்துப் பங்கு போட்டவர்களுக்கு, ஒரு கோழிக்குஞ்சு என்றால் என்னவென்று நான் உட்கார்ந்து விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி மடவளை போகிற ரோட்டோரம், ஒரு மேட்டின் மேல் இருந்தது. மேட்டில் இரண்டே இரண்டு வீடு. ஒன்றில் நாங்கள். அப்பா கண்டி டவுனில் ஒரு கந்தோரில் கிளாக்கர். மடுல்கெல்லையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து, படித்து, கால்சட்டை போட்டு டவுனுக்கு வந்தவர். அம்மாவுக்கும் அதே தோட்டம்தான். அப்பா தோட்டத்துப் பழக்கங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுக்கொண்டே வந்தார். அம்மா ஒன்றையும் போடவில்லை, எல்லாவற்றையும் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தாள். எனக்கு அப்போது பத்து வயது. தம்பிக்கு நாலு.

மற்ற வீடு ராத்தாவுடையது. முஸ்லிம் ஆட்கள் அக்காவை ராத்தா என்பார்கள், உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பெரியவர் சின்னவர் எல்லாருக்குமே அவள் ராத்தாதான். அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவாள், ராத்தா பதிலுக்கு அம்மாவை அக்கா என்பாள். யார் மூத்தவள் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. அவளுடைய வீட்டுக்காரரை நாங்கள் நானா என்போம். மடவளைக் கடைத்தெருவில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் கடை இருந்தது, சரக்குத்தான் இல்லை.

ராத்தாவுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. தம்பி ராத்திரி எங்கள் வீட்டில் தூங்குவான், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் அவள் இடுப்பில். அவளுடைய தட்டிலிருந்துதான் சாப்பிடுவான். அவள் தையல் மெஷின் மிதிக்கும்போது கீழே உட்கார்ந்து துணித் துண்டு எடுத்துக் கொடுப்பான். அம்மா வைத்த திருஷ்டிப் பொட்டு அழிந்து போனால் ராத்தாவே மை எடுத்து வைத்துவிடுவாள். "எங்கட பழக்கமில்லதான் அக்கா. ஆனா புள்ளைக்குக் கண்ணூறு படப்படாதே" என்பாள். அம்மா சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் பிறகு அதை அதிகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

அந்த வருஷம் மடுல்கெல்லை மாமா, அம்மாவின் அண்ணன், அடைகாக்கிற கோழியொன்றைக் கூடையோடு பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தார். குஞ்சு பொரித்ததும் வீடே அதைச் சுற்றித்தான். குருணையும் ஈரத் தவிடும் கலந்த ஒரு புளித்த வாசம் அடுப்படி முழுக்க இருந்தது. தம்பி குஞ்சுகளுக்குப் பேர் வைத்தான். மேட்டிலிருந்து பார்த்தால் கீழே பஸ் போவது தெரியும், கண்டக்டர் ஊர்ப் பெயர்களைக் கத்துவது கேட்கும். அதனால் ஒரு குஞ்சு மாத்தளை, ஒன்று மடவளை, கறுப்புப் புள்ளி போட்டது ஹுன்னஸ்கிரிய. அந்த வயதுக்கு அந்தப் பெயர் அவன் வாயில் நுழைந்ததே பெரிய காரியம். ராத்தா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பாள்.

பிறகு ஒரு காலை தம்பி எழுந்தபோது அவன் முகம் ஊதியிருந்தது. கண் இரண்டும் இடுக்கிப்போய், கால் வீங்கி, மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில். அப்பா தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். சிறுநீரகத்தில் கோளாறு என்றார்கள். உப்பு ஆகாது, எழுந்து ஓடக் கூடாது, தங்கி வைத்தியம் பார்க்க வேண்டும். அம்மா வார்டிலேயே இருந்தாள்.

அங்கேதான் அவள் நேர்ந்துகொண்டாள். வார்டு ஜன்னல் பக்கம் நின்று, மலை எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கம் கும்பிட்டு, தோட்டத்து முனியாண்டியிடம் சொல்லிவிட்டாள். என் பிள்ளையைக் கொடுத்துவிடு, இந்தக் குஞ்சுகளில் எந்தச் சேவல் முதலில் கூவுதோ அதை உன் காலடிக்குக் கொண்டுவருகிறேன் என்று. அதற்குப் பிறகு வீக்கம் வடிந்தது. பிள்ளை மெலிந்து, கழுத்து நீண்டு, ஆனால் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். நேர்த்தி எட்டிவிட்டது என்று அம்மா நம்பினாள். நம்பாமல் எப்படி இருப்பாள்?

இதை அவள் என்னிடம் மட்டும்தான் சொன்னாள். கோழிகளைக் காவல் காக்க ஓர் ஆள் வேண்டுமே.

"சாமிக்கு நேர்ந்த உசிர் முழுசா இருக்கணும்டி. கண்ணு, காலு, ரெக்கை, ஒண்ணுலயும் ஒரு குறை வரக் கூடாது. எது கூவப்போவுதுன்னு தெரியாது. அதனால எல்லாத்தையும் பாத்துக்க."

"அப்பாகிட்ட சொல்லட்டுமா?"

"வேணாம். ரத்தப்பலி அது இதுன்னு ஆரம்பிச்சிடுவாரு. லயத்துலயே விட்டுட்டு வரலியா அதையெல்லாம்னு கேப்பாரு."

"ராத்தாகிட்ட?"

அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அவங்க வேற ஆளுங்க புள்ள. முனின்னா பேய்னு நினைப்பாங்க. அப்புறம் தம்பியத் தொடவே யோசிப்பாங்க." என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நீ ஏன் சொல்லவில்லை என்று என்னைப் பார்க்காதீர்கள். அம்மா தலையில் கை வைத்த பத்து வயதுப் பிள்ளை நான். அந்தப் பழியை நான் ஏற்கப்போவதில்லை.

குஞ்சுகளுக்கு ரெக்கை வந்துவிட்டது. அங்கேதான் வினை. கோழி வளர்த்தவர்களுக்குத் தெரியும், இறகு முளைத்த புதிதில் அதுகளுக்குத் தலைகால் புரியாது. ஓடி வந்து ஒரு எம்பு எம்பினால் வேலிக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கம் ராத்தாவின் மிளகாய்ப் பாத்தி.

வெறும் பாத்தி என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வராத வருஷம். கடையில் விற்க ஒன்றுமில்லாத நானா, வீட்டுக்குப் பின்னால் சரிவை வெட்டிப் படிபடியாகக் கட்டி, நாற்றுப் போட்டிருந்தார். அந்த வீட்டின் அடுத்த மாதச் சாப்பாடு அது. எங்கள் குஞ்சுகள் போய் அழகாகக் காலால் பறித்து, நாற்றைக் கிளறி வெளியே எறிந்து, புழு பொறுக்கித் தின்றுவிட்டு, அங்கேயே மண்ணில் புரண்டு குளித்துவிட்டு வந்தன.

முதல் தடவை ராத்தா சிரித்தாள். "பரவால்ல அக்கா, வாயில்லாத சீவன்தானே" என்றாள். அடுத்த தடவை சிரிக்கவில்லை. நானா திரும்ப நாற்று வாங்கி நட்டார். அதையும் பறித்துப் போட்டன. அவர் ஒரு நாள் சாயந்தரம் தொப்பியைச் சரி செய்துகொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பா கதிரையை எடுத்துப் போட்டார். நானா உட்காரவில்லை.

"கோவிச்சிக்கப்படாது. ஒரு பக்கத்து ரெக்கையில கொஞ்சம் கத்தரிச்சி விட்டாப் பறக்காது. அதச் செல்லத்தான் வந்தன்."

'சொல்ல' என்பது அவர்கள் வாயில் 'செல்ல' ஆகும், 'இருக்கு' என்பது 'ஈக்கி' ஆகும். அப்பாவுக்கு மானம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமையே வெட்டிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கந்தோரில் கோழி வளர்க்கிற சிங்களச் சிநேகிதர் ஒருவரிடம் விசாரித்து, எந்த இறகு, எவ்வளவு, எந்த இடத்தில் என்றெல்லாம் கேட்டு, தாளில் படம் போட்டுக்கொண்டும் வந்தார். கிளாக்கர் இல்லையா, கோழியாக இருந்தாலும் ஃபைல் திறந்துதான் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை கத்திரிக்கோலோடு அவர் பின்னால் போனால், கூட்டு வாசலில் அம்மா நிற்கிறாள்.

"வெட்ட வேணாங்க."

"ஏன்?"

"குளிர் காலம். ரெக்கை இல்லாட்டி விறைச்சிடும்."

"முழு ரெக்கையவா வெட்டப் போறேன்? ஒரு பக்கம், நுனி மட்டும்."

"கீரி வந்தாத் தப்பிச்சு மேல ஏறத் தெரியணும்ல."

"அப்ப கூட்டுக்குள்ளயே போட்டு வை."

"போட்டா ஒண்ணையொண்ணு கொத்திக்குது."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற? அந்த மனுசன் வாசல்ல வந்து நின்னுட்டுப் போறாரு!"

"நான் வேலி கட்டுறேன்" என்றாள் அம்மா.

அட, கட்டினாளே! சாக்கு, பழைய சேலை, தகரத் துண்டு, கொய்யா மிலாறு, கிடைத்ததையெல்லாம் வைத்துக் கட்டினாள். கை முழுக்கக் கீறல். குஞ்சுகள் தகரத்தின் மேல் ஏறி நின்று, வசதியாக அங்கிருந்து இறங்கின. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் கம்போடு வேலியோரம் நிற்பேன். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் அம்மா நிற்பாள். அம்மா சமைக்கும் நேரம் பாத்தி போகும்.

அப்பா அம்மாவோடு பேசுவதைக் குறைத்தார். நானா அப்பாவைக் கண்டால் பஸ்ஸில் வேறு பக்கம் பார்த்தார். ராத்தா மட்டும் ஒரு நாள் வேலியோரம் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அக்கா, வலிக்காது. மசிரு வெட்டுற மாதிரித்தான். எங்கட மடவளையில எல்லாரும் செய்றது. ஒங்களுக்கு மனசு வரல்லன்னா நான் வெட்டித் தாறன்."

"பாப்போம் ராத்தா" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அந்த இடத்தில் அம்மா நின்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் பயந்தவர்கள் அப்படித்தான். யாரிடம் சொல்லலாமோ அவர்களிடம்தான் வாயை இறுக்கி மூடிக்கொள்வார்கள். அம்மாவுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவளை அவ்வளவு பிடிக்கும். இழந்துவிடக் கூடாதே என்றுதான் மறைத்தாள்.

மழை தொடங்கியதும் தம்பி மறுபடி வீங்கினான். இந்தத் தடவை வயிறும் ஊதியிருந்தது. ராத்தாதான் முதலில் பார்த்தாள், அவனைத் தூக்கிக்கொண்டு வேலியைச் சுற்றி வராமல் பாத்தியை மிதித்துக்கொண்டே ஓடிவந்தாள். அப்பாவும் அம்மாவும் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அம்மா அங்கேயே தங்கிவிட்டாள். அப்பா கந்தோருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் அலைந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்குச் சாப்பாடு ராத்தா வீட்டில்.

அப்படி ஒரு பகல் நான் புத்தகப் பையோடு மேடேறி வருகிறேன், ராத்தா எங்கள் வாசலில் நிற்கிறாள். முகமெல்லாம் சந்தோசம். "மவள், இங்க வாங்க. இனி ஒரு சண்டையும் இல்ல" என்று கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப் போனாள்.

குஞ்சுகள் எல்லாம் முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று ஓடிவந்து எம்பியது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, தொப்பென்று விழுந்து, எழுந்து என்னைப் பார்த்தது. வெட்டிய இறகுகளை ராத்தா சுத்தமாகக் கூட்டி ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். தையல் கத்திரிக்கோல், நல்ல கூர். ஒவ்வொன்றும் ஒரே அளவு, ஒரே சரிவு. அல்லாஹ் பெயரால் பிஸ்மி சொல்லித்தான் வெட்டினாளாம்.

"ஒங்கட உம்மாக்குப் பாவம், அதுகள்ட ரெக்கையில கை வெக்க மனசு வரல்ல. ஆஸ்பத்திரிலயே கெடக்கிறா. வார நேரம் இந்தப் பிரச்சினையாவது இல்லாம ஈக்கட்டும்னு நெனச்சன்."

நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. தலைவலி என்றேன், அவள் கோப்பி போட்டுக் கொடுத்தாள்.

குளித்து உடுப்பு மாற்ற அம்மா ஒரு சாயந்தரம் வந்தாள். வந்ததும் பின்பக்கம் போனாள். நான் பின்னாலேயே போனேன். அவள் ஒரு குஞ்சைப் பிடித்து ரெக்கையை விரித்தாள். கீழே விட்டாள். அடுத்ததைப் பிடித்து விரித்தாள். ஒன்றையும் விடாமல் பார்த்தாள். கடைசியை மடியில் வைத்துக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு?"

"ராத்தா. நல்லதுக்குன்னுதான்மா..."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ராத்தா ஓடிவந்திருப்பாள், எல்லாம் வெளியே வந்திருக்கும். அம்மா குளிக்காமல், மாற்றுச் சேலையை மட்டும் எடுத்துக்கொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போனாள். ராத்தா வேலியோரம் நின்று, "அக்கா, புள்ளைக்கு எப்பிடி?" என்று கேட்டாள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மழை சத்தத்தில் கேட்கவில்லை போல என்று ராத்தா என்னிடம் சொன்னாள்.

அன்றிலிருந்து அம்மா மாறிப்போனாள். ராத்தா கொடுத்து அனுப்பிய சாப்பாட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பினாள். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரெக்கை வெட்டினதுக்கா இவ்வளவு கோவம், எப்படியும் நான் வெட்டியிருப்பேன்தானே என்று என்னிடம் கேட்டார்.

ராத்தாவும் நானாவும் ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். பார்வையாளர் நேரம். டெட்டோல் வாசமும் ஈரக் குடை வாசமும் கலந்து அந்த நீள விறாந்தையே மூச்சு முட்டியது. ராத்தாவிடம் கறுப்புக் குடை, கையில் ஒரு பை தோடம்பழம். அந்தக் காலத்தில் தோடம்பழத்துக்கு அவர்கள் எதை விற்றார்களோ தெரியாது. கட்டிலில் தம்பி ஊதிப்போய்க் கிடந்தான், கண் திறக்க முடியவில்லை. ஆனால் குரல் கேட்டுவிட்டது போல, தலையைத் திருப்பினான்.

அம்மா எழுந்து போய் வார்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"டொக்டர் யாரையும் விட வேணாம்னு சொல்லிட்டாரு."

"ஒரு நிமிசம் அக்கா. தூரத்துல நின்னு பாத்துட்டுப் போறன்."

"வேணாங்க. சொன்னாக் கேளுங்க."

வாங்க, கேளுங்க என்று அம்மா எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவாள். அன்றைக்கு அந்த மரியாதையைக் கேட்க எனக்குக் குளிரெடுத்தது. உள்ளே மற்றப் பிள்ளைகளின் கட்டிலைச் சுற்றிச் சனம் நின்றது. ராத்தா அதையும் பார்த்தாள். பையை என் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளைக்காகத் துஆ கேட்கிறேன் என்று சொல்லி, விறாந்தை முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நம்பினாளா, இல்லையா? டொக்டர் என்றால் அந்தக் காலத்தில் மறுபேச்சு இல்லை. நம்பியிருப்பாள்.

தம்பி அந்த வாரமே போய்விட்டான்.

அதைப் பற்றி நான் நிறைய எழுதப்போவதில்லை. மேட்டில் மழை விடவில்லை. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று ராத்தாதான் தன் வீட்டில் பெரிய சட்டி வைத்து வந்த சனத்துக்கெல்லாம் சோறும் பருப்பும் ஆக்கி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். மடுல்கெல்லையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் அவள் கையால்தான் சாப்பிட்டார்கள். அவள் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளைத் தொட்டதும், அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். துக்கத்தில் திரும்புகிறாள் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். எனக்குத் தெரியும், இது துக்கம் மட்டும் இல்லை. நேர்ந்த உயிரில் கத்திரிக்கோல் வைத்ததால்தான் சாமி பிள்ளையை எடுத்துக்கொண்டது என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே ஒருத்தியைக் கொலைகாரியாக்கி வைத்திருந்தாள்.

ராத்தா கொஞ்ச நாள் வந்து வந்து பார்த்தாள். பிறகு வரவில்லை. வேலியோரம் இரண்டு பேரும் துணி காயப்போடுவார்கள், இரண்டு பேர் தலையும் நிமிராது. தையல் மெஷின் சத்தம்கூடக் குறைந்துபோனது.

கோழிகளை யாரும் கவனிக்கவில்லை. நான் குருணை போடுவேன், அவ்வளவுதான். அதுகள் தம் பாட்டுக்கு வளர்ந்தன.

மழை விட்டு வெயில் வந்த ஒரு காலை, அம்மா அடுப்படியில் இருக்கிறாள், நான் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறேன், வெளியே யாரோ தொண்டை அடைத்த மாதிரி ஒரு சத்தம். பாதியில் உடைந்தது. மறுபடி வந்தது. இந்தத் தடவை முழுசாக.

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். மாத்தளை என்று தம்பி பேர் வைத்த செம்பட்டைக் குஞ்சு, வேலித் தகரத்தின் உச்சியில் நின்று கூவிக்கொண்டிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் உடனே விளங்கவில்லை. பிறகுதான், இது எப்படி அங்கே ஏறியது என்று பார்த்தோம்.

அம்மா போய்ப் பிடித்தாள். ரெக்கையை விரித்தாள். வெட்டின அடையாளமே இல்லை. பழைய இறகெல்லாம் உதிர்ந்து, நீளமாக, பளபளவென்று, புதிதாக முளைத்திருந்தது. மற்றப் பக்கத்து ரெக்கையையும் விரித்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வளர்கிற குஞ்சுக்கு இறகு உதிர்ந்து முளைக்கும் என்று அம்மாவுக்குத் தெரியாதா என்ன? லயத்துக் கோழிகளோடு வளர்ந்தவள். எனக்கு இப்போது அம்மா அன்றிருந்த வயதைப் போல இரண்டு மடங்கு வயது, என் பிள்ளைகளோடு ஆஸ்பத்திரி விறாந்தையில் நானும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். பயம் வந்தால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும். கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும் என்பதுதான் முதலில் மறந்துபோகும்.

கரண்டியைக் கீழே வைத்தாள். சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலியைச் சுற்றி நடந்தாள். நான் பாதிப் பின்னலோடு பின்னால் ஓடினேன்.

ராத்தா வாசற்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள். "வாங்க அக்கா" என்றாள், ஆனால் பழைய குரலில் இல்லை. அம்மா கதிரையில் உட்காரவில்லை, படியில் உட்கார்ந்தாள். சேவலின் ரெக்கையை விரித்துக் காட்டினாள்.

"பாருங்க. முளைச்சிடுச்சு."

"முளைக்கும்தானே" என்றாள் ராத்தா. விளங்காமல் என்னைப் பார்த்தாள்.

அம்மா சொல்லத் தொடங்கினாள். வார்டு ஜன்னல், முனியாண்டி, முதலில் கூவுகிற சேவல், குறை வரக் கூடாது என்பது, அப்பாவிடம் சொன்ன பொய்க் காரணம், எல்லாம். ராத்தா சுளகை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"இத என்னட்டச் செல்றதுக்கு என்ன அக்கா? எங்கட ஹஜ்ஜிப் பெருநாள்ல குர்பான் குடுக்கிற ஆட்டுக்கும் காது கிழிஞ்சீக்கக் கூடாது, கொம்பு ஒடஞ்சீக்கக் கூடாது. இது எனக்கு வெளங்காதா? நேர்ந்த உசிருன்னு ஒரு வார்த்த சென்னா நான் கத்திரிக்கோல் வெப்பனா? பாத்தி போனாப் போவுதுன்னு ஈந்தீப்பன்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் அதற்கு மேல் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் நிறுத்தவில்லை.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில... டொக்டர் ஒண்ணும் சொல்லல. நான்தான் விடல."

ராத்தா சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். கொண்டி விழுகிற சத்தம் கேட்டது.

அம்மா எழுந்திருக்கவில்லை. வாங்கம்மா போவோம் என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. சேவல் அவள் கையிலிருந்து நழுவிப் போய் மிளகாய்ப் பாத்தியில் இறங்கிக் கிளறத் தொடங்கியது. யாரும் விரட்டவில்லை. கீழே ரோட்டில் என் பள்ளிக்கூட பஸ் போய்விட்டது.

வெகு நேரம் கழித்துக் கொண்டி திறந்தது. ராத்தா முகம் கழுவியிருந்தாள். வந்து அம்மாவின் பக்கத்தில், அதே படியில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அம்மாவைப் பார்க்காமல் கேட்டாள்.

"என்னய கேட்டானா?"

"தினமும் கேட்டான்."

"என்ன செல்லி?"

"'ராத்தாவுக்கு என் மேல கோவமாம்மா'ன்னு."

ராத்தா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு எடுத்தாள்.

"நீங்க என்னத்தச் சென்னீங்க?"

"'தூங்குடா, தூங்கி எந்திரிச்சா கோவமெல்லாம் போயிருக்கும்'னு சொன்னேன். கடைசியா அதத்தான் பேசினோம்."

"தூங்கினானா?"

"தூங்கினான்."

நான் அழத் தொடங்கிவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் அழவில்லை. ராத்தா முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில், எங்கள் இரண்டு பேரிடமும் இல்லாமல், கூப்பிட்டால் ஓடிவருகிற தூரத்தில் அவன் நிற்கிற மாதிரி, சாதாரணக் குரலில் சொன்னாள்:

"எனக்கு ஒன்னோட கோவமில்ல மவன்."